நாலு அங்குல மூடாக்கு

தேவாலயத்தில் மணியடித்துப் பெருக்குவது அவர் தொழில். ஒரு ஏக்கர் நிலமும் ஒரு பசுவும் அவர் சொத்து. யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுவது அவர் வியாதி.

ஊரில் வேளாண்மைப் புரட்சி தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. பல சபைகளும் ஒரு வேளாண் தொண்டு நிறுவனமும் கைகோத்து, சபைக்கு ஒரு முன்னோடி விவசாயியைத் தேர்ந்தெடுத்து, அவரைக் கொண்டு மற்ற சிறு விவசாயிகளுக்குப் புதிய முறையைக் கற்பிப்பது என்று முடிவு செய்திருந்தன. போதகர் முன்னோடியைத் தேடி வெளியே வந்தார். செவ்வாய்க்கிழமையில் தேவாலயத்தில் வேறு யார் இருப்பார்கள்? துடைப்பத்தோடு நின்றவர் முன்னோடி ஆனார்.

நான்கு நாள் பயிற்சி. உழாதே, மண்ணை மூடு, பயிரை மாற்றிப் போடு என்று மூன்று பாடங்கள். போன மற்றவர்கள் தொப்பியும் பையும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். இவர் பாடத்தையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் அரை மணி நேரம் வகுப்பு. மக்காச்சோளம் அறுத்த பின் மிஞ்சும் காய்ந்த தட்டையை நிலத்திலேயே நாலு அங்குலம் பரப்ப வேண்டும், அதுதான் மூடாக்கு, அடியில் ஈரம் நிற்கும், மண்புழு வரும் என்று சொல்வார். மண்புழுவைப் பற்றி அவர் உருகுவதைக் கேட்டவர்களுக்கு அதன் பிள்ளைகுட்டிகளை நலம் விசாரிக்கத் தோன்றும். பெயரே மூடாக்கு அண்ணன் என்று ஆகிவிட்டது.

பாடத்தின் கடைசியில் உறுதிமொழி. தேவாலயத்தில் சொல்வது வெறும் பேச்சாக இருக்கக் கூடாது என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. முப்பத்திரண்டு குடும்பத்தார் வலது கையைத் தூக்கி, தட்டையை நிலத்தை விட்டு எடுக்க மாட்டோம், எரிக்க மாட்டோம், மாட்டுக்குப் போட மாட்டோம் என்று சொன்னார்கள். மாடுகளின் கருத்தை யாரும் கேட்கவில்லை.

அந்த வருடம் பார்த்து மழை ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாவது மாதம் புல் கருகியது. மூன்றாவது மாதம் வேலியோரத்துச் செடிகளும் குச்சியாயின. பசு ஏழு மாதச் சினை. விலா எலும்புகளை வாசலில் இருந்தே எண்ணலாம். அவர் மனைவி அவற்றை எண்ணி முடித்துவிட்டு ஒரு காலையில் பேச்சை எடுத்தாள்.

"நம்ம நிலத்துல ஒரு ஏக்கர் தட்டை கெடக்கு. இது இங்க பட்டினி கெடக்கு. உங்களுக்கே நல்லாருக்கா?"

"சொல்லிக் குடுத்தவனே எடுத்தா ஊர் என்ன சொல்லும்?"

"ஊரு கன்னு போடப் போறதில்ல. இதுதான் போடணும்."

அவர் மணியடிக்கப் போனார். போகிற வழியில் தினமும் யாராவது, உங்க நிலத்துல மூடாக்கு அப்படியே இருக்கா அண்ணே என்று விசாரிப்பார்கள். இருக்கு என்பார். விசாரித்தவர்கள் ஏனோ உடனே வேறு பக்கம் பார்ப்பார்கள். பக்தி என்று அவர் எடுத்துக்கொண்டார். மனைவியின் தம்பியான மைத்துனனின் காளை மினுமினுவென்று இருந்ததைப் பற்றிக் கேட்டதற்கு, எல்லாம் ஜெபம்தான் மாமா என்று அவன் சொன்னான். அன்றிலிருந்து இவரும் பசுவுக்காக முழங்காலில் நிற்க ஆரம்பித்தார். பசு ஒரு சுற்றும் பெருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பசு படுத்தது. எழுப்பியும் எழவில்லை. அவர் போதகரிடம் ஓடி, உறுதிமொழியில் இருந்து தன்னை மட்டும் விடுவிக்கும்படி கெஞ்சினார். போதகர் உண்மையிலேயே கலங்கிப்போனார். விடுவிக்கும் அதிகாரம் சபைக்கா நிறுவனத்துக்கா என்று தெரியவில்லை, எழுதிக் கேட்கிறேன் என்றார்.

பதில் வரும்வரை பசு காத்திருக்குமா? அவர் குறுக்கு வழியில், மற்றவர்களின் நிலங்களுக்குப் பின்புறமாக, தன் நிலத்துக்கு ஓடினார். அந்தப் பக்கமாக அவர் இதுவரை போனதில்லை. சாலையில் இருந்து பார்க்கும்போது எல்லா நிலமும் தட்டை போர்த்திப் படுத்திருக்கும். பின்னால் இருந்து பார்த்தால் போர்வை சாலையோரத்து ஆறு வரிசைக்கு மட்டும்தான். மற்றது மொட்டைத் தரை. முதல் நிலம், இரண்டாவது நிலம், மைத்துனன் நிலம், எல்லாம் அப்படியே. முப்பத்திரண்டு குடும்பமும் போதகர் நடக்கும் வழியை மட்டும் மூடி வைத்திருந்தது.

தன் நிலத்தில் குனிந்து ஒரு கை அள்ளினார். தட்டை பொடிந்தது. கறையான் உள்ளே மண்ணாக்கி வைத்திருந்தது. கீழே கரிய ஈரம், அதில் இரண்டு மண்புழுக்கள், பாடத்தில் சொன்னது சொன்னபடி. இருந்ததில் நல்லதாகப் பொறுக்கிக் கொண்டுபோனார். பசு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

விஷயம் தெரிந்து மைத்துனன் இரண்டு கட்டு நல்ல தட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். பசுவின் வாயில் அவன் அக்கா ஒவ்வொரு துண்டாக வைத்தாள். மெல்லும் தெம்பு அதற்கு இல்லை.

"மொதல்லயே ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா, மாமா?"

"உங்கிட்ட இருக்குன்னு எனக்கு எப்படிடா தெரியும்?"

"உங்க மூஞ்சிக்குப் பயந்துதான் ஒளிச்சு வெச்சோம். ஊரே அப்படித்தான்."

அவன் அக்கா நிமிரவில்லை. வைத்த துண்டு வழுக்கி விழுந்தது. அவள் அதை எடுத்து மறுபடியும் வைத்தாள்.

சனிக்கிழமை காலை பசுவுக்குக் குழி வெட்ட ஐந்து பேர் கடப்பாரையோடு வந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் குத்திப் பார்த்தார்கள். கடப்பாரை துள்ளியது. மைத்துனன் நிலத்திலும் துள்ளியது. மூன்று மாத வெயில் ஊர் மண்ணைப் பாறையாக்கியிருந்தது. குழி இறங்கும் இடம் ஊரில் ஒன்றுதான் இருந்தது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் முன்னால் நடந்தார்.

மூடாக்கை ஒதுக்கிவிட்டு வெட்டினார்கள். மண்வெட்டியே போதுமாக இருந்தது. மத்தியானத்துக்குள் ஆளுயரக் குழி. ஈர மண் வாசம் அடித்தது. வயிற்றில் கன்றோடு பசுவை இறக்கி மூடும்போது, ஞாயிறு வகுப்பில் ஒரு நாளும் வாய் திறக்காத ஒருவன் ஒரு கை மண்ணை அள்ளிப் பிசைந்து பார்த்தான்.

"அண்ணே, நெசமாவே கேக்கறேன். எத்தன அங்குலம் போட்டீங்க?"

முன்னோடி விவசாயி மண்ணைத் தள்ளிக்கொண்டே, நாலு என்றார்.