முகூர்த்தம் தெரியாத கார்டு

கிஃப்ட் கார்டு என்பதைக் கண்டுபிடித்தவன் எவனாக இருந்தாலும், ஒருநாளும் தர்மபுரியில் கல்யாணத்துக்கு வந்து ரூம் தேடி அலைந்திருக்க மாட்டான். அலைந்திருந்தால் இந்தக் கண்றாவியை எங்கள் தலையில் கட்டியிருக்க மாட்டான்.

எங்களுடையது பத்து ரூம் லாட்ஜ். கல்யாண மண்டபங்கள் இருக்கிற ரோட்டில், மெடிக்கல் ஷாப்புக்கும் டயர் கடைக்கும் நடுவில். இன்டர்நெட்டில் எவனோ ஒருவன் 'பக்கெட் உடைந்திருக்கிறது' என்று எழுதி ரெண்டு ஸ்டார் போட்டிருக்கிறான். பக்கெட்டை மாற்றிவிட்டோம், ஸ்டார் மாறவில்லை. அப்பா இண்டூர் காட்டில் தக்காளியோடு கிடப்பார். லாட்ஜ் முழுக்க அம்மாவின் ராஜ்ஜியம். நான் டிகிரி முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்ற பெயரில் ரிசப்ஷனில் உட்கார்ந்து போனை நோண்டுகிறவன்.

சாதாரண நாளில் மருந்து ரெப், மாங்காய் வியாபாரி, கோர்ட் வாய்தாவுக்கு வருகிறவர்கள் என்று ரெண்டு மூன்று ரூம் ஓடும். லாட்ஜ் பிழைப்பது முகூர்த்த நாளில்தான். அன்றைக்குப் பத்து ரூமும் ஒரே வீட்டுக்கு. பொண்ணு வீட்டுக்காரர் வெத்தலை பாக்குத் தட்டோடு வருவார். பத்திரிகையை அம்மா கையில் கொடுத்து, "மாப்பிள்ளை வூட்டாளுங்க உங்ககிட்டதாம்மா தங்கறாங்க" என்பார். அம்மா எழுந்து நின்று தட்டை வாங்குவாள். அவ்வளவுதான் புக்கிங். ரசீது கிடையாது, ஓடிபி கிடையாது. அதற்கப்புறம் மந்திரியே வந்து கேட்டாலும் அன்றைக்கு எங்களிடம் ரூம் இல்லை.

அப்படித் தட்டு எடுத்து வருகிறவர்களில் அம்மாவுக்கு ஒருவர்மேல் தனி மரியாதை. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மஞ்சளும் மரவள்ளியும் போடுகிற பெரிய விவசாயி. மூன்று பெண்கள். அவர் எந்த லாட்ஜுக்குத் தட்டு கொண்டுபோகிறாரோ, அவருடைய சொந்தபந்தம் மொத்தமும் கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே போகும். "மூணு பொண்ணுக்கும் நம்மகிட்டதான் வருவாரு, பாரு" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தாள்.

மூத்த பெண்ணுக்கு ஆவணியில் நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முந்தைய ஆடியில், ரூமெல்லாம் ஈயடித்துக்கொண்டிருந்தபோது, என் மாமா ஒருத்தனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. ஈமு கோழி வளர்த்தவர். அது போன வழியை வீட்டில் யாரும் பேசுவதில்லை. கூட வந்தவன் பெங்களூர் கம்பெனி ஒன்றின் ஏரியா மேனேஜர். உச்சி வெயிலில் கோட்டு போட்டிருந்தான். ஃபேனுக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் லாட்ஜை 'ப்ராப்பர்ட்டி' என்றான்.

"மேடம், உங்க ப்ராப்பர்ட்டிக்கு நாங்க விசிபிலிட்டி குடுக்கறோம்."

"அப்டீன்னா?"

"எல்லாருக்கும் தெரிய வெப்போம் மேடம்."

"இப்பவே தெரியுதே தம்பி. பஸ் ஸ்டாண்டுல எறங்கி யார கேட்டாலும் சொல்லுவாங்க."

அவன் பல்லைக் காட்டிவிட்டு விளக்கினான். கம்பெனி கார்டு விற்கும். ஜனங்கள் வாங்கி ஒருவருக்கொருவர் பரிசாகக் கொடுப்பார்கள். கார்டு கையில் இருக்கிறவன் ஆப்பில் தேதி போட்டால் போதும், எங்கள் ரூம் அவனுக்கு. ஒரு வருஷத்துக்குள் தங்கிவிட வேண்டும். நாங்கள் முடியாது என்று சொல்லக் கூடாது. கம்பெனி தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியை எங்களுக்கு அனுப்பும்.

"கார்டு செல்லாத நாளு மட்டும் இப்பவே சொல்லிடுங்க மேடம். பீக் சீசன்ல உங்களுக்கு லாஸ் ஆவக் கூடாதில்ல?"

"அப்ப முகூர்த்த நாளெல்லாம் போட்டுருங்க."

"அது எந்த டேட்?"

"வருசா வருசம் மாறும். காலண்டர்ல பாத்துக்கணும்."

"மாறற டேட்ட சிஸ்டம் எடுத்துக்காது மேடம். பீக்குன்னா கிறிஸ்துமஸ் டு நியூ இயர். எல்லா ஹோட்டலுக்கும் அதான்."

கிறிஸ்துமஸ் டு நியூ இயர் என்றால் மார்கழி. மார்கழியில் எங்கள் லாட்ஜில் கொசுகூடத் தங்காது. ஆள் வந்தால் புண்ணியம் என்று நாங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு வாரத்தைத் தேடிப் பிடித்து, 'கார்டு செல்லாது' என்று பூட்டினான் அந்த அறிவாளி. வருமானம் வருகிற நாளையெல்லாம் அகலமாகத் திறந்துவிட்டான். இதற்கு எம்பிஏ வேறு.

அம்மா தயங்கினாள். மாமா விடவில்லை. "அக்கா, நீ இன்னும் வெத்தல காலத்துலயே கெட. ஆப்ப நான் பாத்துக்கறேன், என் போன்லயே போட்டுக்கறேன்" என்றார். கண்ணாடிக் கதவில் தங்க நிற ஸ்டிக்கர் ஒட்டினார்கள். மாமா அதற்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார்.

இந்த ஊரில் கல்யாணப் பரிசு என்றால் சுவர்க் கடிகாரம். ஒரு கல்யாணத்துக்கு ஏழெட்டு கடிகாரம் சேரும். கார்டு வந்ததும் ஜனம் அப்படியே அதற்குத் தாவியது. தங்க ஓரம், வெல்வெட் கவர், ஆஃபரில் சல்லிசு. மேடையில் கொடுத்து போட்டோவுக்குச் சிரித்தால் வேலை முடிந்தது. வாங்குகிறவனுக்கு அதனால் என்ன பிரயோஜனம் என்று ஒருத்தனும் யோசிக்கவில்லை. தர்மபுரிக்காரனுக்குத் தர்மபுரியில் ரூம் எதற்கு? அவனுக்கு வீடு இருக்கிறது.

ரூம் தேவைப்படுவது ஒரே சமயத்தில்தான். கட்டிக்கொண்டு ஓசூர், பெங்களூர் என்று போய்விட்டவர்கள் அடுத்த சொந்தக்காரக் கல்யாணத்துக்குத் திரும்பி வருவார்களே, அப்போது. அந்தக் கல்யாணம் என்றைக்கு நடக்கும்? முகூர்த்த நாளில். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிகிற கணக்கு. பெங்களூர் சிஸ்டத்துக்குத் தெரியவில்லை, ஈமு கோழிக்கும் தெரியவில்லை.

ஆவணியில் மூத்த பெண்ணின் கல்யாணம் ஜோராக நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் எங்களிடம்தான் தங்கினார்கள். மேடையில் கார்டு மேல் கார்டாக விழுந்தது. மார்கழியில் ஒகேனக்கல் பார்க்க ஒரே ஒரு புதுஜோடி கார்டோடு வந்தது. ஆப், 'இந்தத் தேதியில் செல்லாது' என்றது. பத்து ரூமும் காலியாகக் கிடக்க, அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

வைகாசியில் ரெண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம். அம்மா சொன்னபடியே அவர் தட்டோடு வந்தார். அம்மா எழுந்து நின்று வாங்கினாள். மாமா அதே வாரம் தன் போனைப் பார்த்துக் குதித்தார். "அக்கா, வைகாசில ஒரு நாளைக்கு ஏழு ரூமு புக்காயிருக்குது! எல்லாம் கார்டு!" எந்த நாள் என்று அவரும் சொல்லவில்லை. அம்மா ஏதோ ஒரு நாள் என்று விட்டுவிட்டாள். அவளுக்கு புக்கிங் என்பது தட்டில் வருவது, போனில் வருவது இல்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம், கார்டுக்காரர்கள் ஒவ்வொரு குடும்பமாக இறங்கினார்கள். எல்லோருடைய போனிலும் பச்சை டிக். கார்டு தேதி முடியப்போகிறது, எப்படியாவது கழித்துவிட வேண்டும் என்ற அவசரம். மூன்று கிலோமீட்டரில் சொந்த அக்கா வீடு இருக்கிறவர்கள்கூட வந்திருந்தார்கள். சும்மா வருவது என்றால் நம் ஆட்கள் மலை ஏறிக்கூட வருவார்கள். நான் முடியாது என்றேன். "அப்ப கம்ப்ளெயின்ட் போடட்டுமா?" என்று ஒருத்தி போனைத் தூக்கினாள். மாமா ஓடிவந்து, "ரேட்டிங் போயிரும்டா" என்று சாவிகளை அவரே எடுத்துக் கொடுத்தார். சந்தைக்குப் போயிருந்த அம்மா திரும்பி வந்தபோது ஏழு ரூமிலும் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

அம்மா மாமாவைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியாது.

"டேய், அந்த அண்ணங்கிட்ட வெத்தல வாங்கியிருக்கன்டா நான்!"

"எனக்கு ஆப்புல வெத்தல காட்டலக்கா."

அதற்குள் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. ஓசூர் தாண்டி, கர்நாடகா எல்லையோரத்து ஆட்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியப்பா இறங்கி, முதல் கேள்வியே கன்னடத்தில் கேட்டார்: "ரூம் எல்லி?" ரூம் எங்கே என்பது எந்த பாஷையிலும் புரியும். எங்களிடம் மிச்சம் இருந்தது மூன்று.

பொண்ணு வீட்டுக்காரருக்குச் சேதி போய், மண்டபத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தார். கார்டுக்காரர்கள் எல்லாம் அவருடைய சொந்தக்காரர்களேதான். விரட்டிவிடுவார் என்று நினைத்தேன். மாடி ஏறி முதல் கதவைத் தட்டினார். ஏசியைப் பதினெட்டில் வைத்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தவர் அவருடைய மூத்த மருமகன்.

"வாங்க மாமா. உங்க வூட்டுக் கல்யாணத்துல வந்த கார்டுதான். எக்ஸ்பைரி ஆவுதில்ல, அதான்."

மாமனார் படிப்பக்கம் திரும்பிப் பார்த்தார். கீழே நிற்பது புது மாப்பிள்ளை வீடு, மேலே படுத்திருப்பது பழைய மாப்பிள்ளை. பழைய மாப்பிள்ளையை எழுப்பி வெளியே அனுப்பினால் பெண் காலத்துக்கும் பேச்சு வாங்குவாள். மூத்த மருமகனே அசையாதபோது மற்ற ஆறு கதவையும் தட்டி அவர் என்ன சொல்வார்? "ரெஸ்ட் எடுங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அந்த ஆள் ஒரு 'ஏன், என்ன ஆச்சு' கூடக் கேட்காமல் கதவைச் சாத்தினான். சாத்திய கதவுக்குப் பின்னால் டிவி சத்தம் ஏறியது.

அம்மா எங்கள் வீட்டையே ஒழித்துக் கொடுத்தாள். லாட்ஜுக்குப் பின்னால் ரெண்டு ரூம் வீடு. அவள் கட்டிலில் மாப்பிள்ளையின் அப்பா அம்மா. மிச்ச ஆட்கள் மண்டபத்து ஹாலில் ஜமக்காளம் விரித்துப் படுத்தார்கள். அந்த ஓசூர்ப் பெரியப்பா ஜமக்காளத்தைத் தட்டிப் பார்த்து, "நல்ல லாட்ஜு" என்றார், இந்த முறை தமிழில்.

"மன்னிச்சுக்கங்க அண்ணா" என்றாள் அம்மா, பொண்ணு வீட்டுக்காரரிடம்.

"வுடும்மா. நீ என்னா பண்ணுவ" என்றார் அவர். கத்தியிருந்தால் தேவலை. அவர் சிரித்தார்.

அடுத்த வாரம் கம்பெனியிலிருந்து மாமாவுக்கு மெயில் வந்தது: வாழ்த்துகள், உங்கள் ஏரியாவில் அதிக கார்டு கழித்த ப்ராப்பர்ட்டி நீங்கள்தான். கூடவே பலூன் படம். மாமா அதை அம்மாவிடம் காட்டினார். அந்த அளவுக்குத் தைரியசாலி. அம்மா அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு நேராகக் கதவுக்குப் போய் ஸ்டிக்கரைச் சுரண்டினாள். முழுசாக வரவில்லை. தங்கத் தூள் ஒட்டிக்கொண்டு இன்னும் கண்ணாடியில் மினுக்குகிறது.

தை பிறந்ததும் அவர் மூன்றாவது பெண்ணின் பத்திரிகையோடு வந்தார், மனைவியோடு. அதே வெத்தலை பாக்குத் தட்டு. அம்மா எழுந்து நின்றாள், புடவையைச் சரிசெய்துகொண்டாள். நான் போனைக் கீழே வைத்தேன்.

"குடும்பத்தோட வந்துருங்க" என்று கும்பிட்டுப் பத்திரிகையைக் கொடுத்தார்.

"வராம இருப்பமா அண்ணா. மாப்பிள்ள வூட்டுல எத்தன பேரு? ரூமெல்லாம் இப்பவே கழுவி வெச்சுடறன். அந்தக் கார்டு கெரகத்தயெல்லாம் வுட்டாச்சு."

"அது எதுத்தாப்புல லாட்ஜுல சொல்லிட்டம்மா. உனுக்கு எதுக்கு வீணா சிரமம்."

அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். காபி குடித்தார். டம்ளரை அவரே கொண்டுபோய்க் கழுவுகிற இடத்தில் வைத்தார். அவர் மனைவி அம்மாவுக்குக் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்.

மாமா மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அக்கா, பரிசுக்கு என்னா பண்ற? என்கிட்ட ரெண்டு கார்டு மிச்சம் கெடக்குது. வேற ஊர்ல செல்லும்."

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள். கடைவீதிக்குப் போய் ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வேன் வந்து எதிர் லாட்ஜில் நின்றது. பட்டுப் புடவைகள், பெட்டிகள், அழுகிற குழந்தைகள் எல்லாம் இறங்கி உள்ளே போகும்வரை அம்மா எங்கள் வாசலில் நின்று பார்த்தாள். பிறகு கடிகாரப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தாள். நான் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். விடிந்தால் முகூர்த்தம். என் தலைக்குப் பின்னால் பலகையில் பத்துச் சாவியும் தொங்கிக்கொண்டிருந்தன.