வாசமில்லாத மருந்து

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் மருந்தை மூக்கால் தேர்ந்தெடுத்தார்கள். சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் வெகுகாலம் சிரித்துக்கொண்டேதான் சொல்லி வந்தேன். இப்போது அந்தச் சிரிப்பு வருவதில்லை.

ரங்கூனில் பசுந்தாங் கால்வாய்க்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான என் அத்தை. அத்தை கடைத்தெருவில் ஒரு போட்டோகாப்பிக் கடையில் வேலை பார்த்தாள். அவளுக்கு இழுப்பு உண்டு. மழை பிடித்துக்கொண்டால் அவள் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் ஒரு சத்தம் வரும். என் தலையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "பூனை என்ன சொல்லுதுடி?" என்று கேட்பாள். பசிக்கிறதாம் என்பேன் நான். அது எங்கள் இருவருக்கும் நல்ல விளையாட்டாக இருந்தது.

அந்தப் பூனையை அடக்கியது சீனக் கஷாயம்தான். டவுனில் ஒரு சீன மருந்துக் கடை இருந்தது. கூரை வரைக்கும் சின்னச் சின்ன மரப்பெட்டிகள், அவற்றின் நடுவே கண்ணாடி போட்ட ஒரு கிழவர். அவரை எல்லோரும் ஸயா என்பார்கள்; பர்மாவில் வாத்தியாரும் ஸயாதான், வைத்தியரும் ஸயாதான். அத்தையின் இரண்டு கை நாடியையும் பிடித்துப் பார்த்துவிட்டு, பெட்டி பெட்டியாகத் திறந்து வேரும் தோலும் கொட்டையுமாக அள்ளிக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். ஒரு தடவை பொட்டலத்தைப் பிரித்த அம்மா, உள்ளே காய்ந்து சுருண்டு கிடந்த மண்புழுவைப் பார்த்து வெலவெலத்துப் போனாள். நாங்கள் வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடாத குடும்பம். சற்று யோசித்துவிட்டு, "இது ஒரு வேரு" என்று எனக்குச் சொன்னாள். தனக்கும் அப்படியே சொல்லிக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

கரியடுப்பில் மண்சட்டியை ஏற்றி, மூன்று கிண்ணம் தண்ணீர் ஒரு கிண்ணமாகச் சுண்டும்வரை காய்ச்ச வேண்டும். அந்த நேரம் முழுக்க வீடு நாறும். நனைந்த கோணிப்பையையும் மாட்டுத்தோல் செருப்பையும் சேர்த்து வேக வைத்தால் வரும் வாடை. அது படியிறங்கித் தெருவரைக்கும் போகும். கீழ்மாடி பர்மாக்கார அம்மாள் அண்ணாந்து பார்த்து, "இன்னைக்கும் மருந்தா?" என்று பர்மியில் விசாரிப்பாள். ஆனால் அத்தை அந்தக் கிண்ணத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து உட்காருவாள். முகத்தில் ரத்தம் வந்துவிடும். அப்புறம் எனக்குத் தலை பின்னிவிடுவாள்.

இப்படியிருக்கும்போது ரங்கூனை ஒட்டிய இன்சீனிலிருந்து ஒரு வரன் வந்தது. கொண்டுவந்தவர் பெரியப்பா. நல்ல குடும்பம், மாப்பிள்ளைக்கு நிலையான வேலை, கெட்ட பழக்கம் கிடையாது. அத்தைக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. நம் ஜனம் குறைந்துபோன ஊரில் இன்னொரு வரன் எங்கே கிடைக்கும் என்பது பெரியப்பாவின் கேள்வி. பெண் பார்க்க வருகிறவர்கள் படியேறும்போதே நோயின் வாடை எதிர்கொண்டு அழைத்தால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி.

அன்றைக்கு எங்கள் முன்னறையில் ஒரு மருத்துவ சபையே கூடியது. வைத்தியம் தெரிந்தவர் ஒருவரும் அதில் இல்லை. கஷாயம் நாறும், அது தள்ளுபடி. ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த, வாயில் வைத்து உறிஞ்சும் பம்பு? அதை எடுத்தாலே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். சீனக் கடையில் முதுகுக்குப் பிளாஸ்திரி உண்டு, ஆனால் ரவிக்கைக்குள்ளிருந்து கற்பூரம் வீசும். பல்லியை ஊற வைத்த மருந்துச் சாராயம் இழுப்புக்குக் கண்கண்டது என்று அப்பா எங்கோ கேள்விப்பட்டிருந்தார். "கல்யாணப் பொண்ணு வாயில சாராய வாடையா?" என்று பெரியப்பா போட்ட சத்தத்தில் அதை விட்டுவிட்டார். கடைசியில் உருண்டை ஜெயித்தது. அதே மருந்துகளைப் பொடித்துத் தேனில் பிசைந்து உருட்டி, மெழுகுக் கூட்டுக்குள் அடைத்து விற்பார்கள். வாடை இல்லை, புகை இல்லை, சட்டி இல்லை.

அத்தையை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சரியென்றுதான் சொல்லியிருப்பாள். அந்தக் கல்யாணம் அவளுக்கும் வேண்டியிருந்தது.

உருண்டை வாங்கப் போனபோது என்னையும் கூட்டிப் போனார்கள். ஸயா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பெரியப்பாவைப் பார்த்தார். அவர் பர்மியில் சொன்னது இதுதான்: "மருந்து ஒண்ணுதான். கஷாயம் ஓடி வரும், உருண்டை நடந்து வரும். இந்தப் பொண்ணுக்கு மூச்சு முட்டுறப்போ நடந்து வந்தா போதுமா?"

"மெதுவாவே வரட்டும் ஸயா. சத்தமில்லாம வந்தா சரி" என்றார் பெரியப்பா.

ஸயா உதட்டைப் பிதுக்கினார். ஆஸ்பத்திரியிலும் காட்டுங்கள் என்று ஒரு தடவை சொன்னார். அப்புறம் உருண்டைப் பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டார். அவரும் கடை வைத்திருப்பவர்தானே.

எனக்கு ஒரே கொண்டாட்டம். கோழிமுட்டையைவிடச் சின்னதாக, வெள்ளை வெளேரென்று மெழுகுக் கூடு. மேலே சிவப்பில் சீன எழுத்து. அமுக்கினால் நடுவில் பிளந்து இரண்டு கிண்ணமாகும். கூடெல்லாம் எனக்கு. அதில் பொம்மைகளுக்குச் சோறு வைத்தேன், மைதடவிக் கண்ணாக ஒட்டினேன். வீட்டில் வாடை போய்விட்டதால் அத்தைக்கு நோயும் போய்விட்டது என்றே நினைத்தேன். பெரியவர்களும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்கள். கோடையாக இருந்ததால் பூனையும் அடங்கிக் கிடந்தது. இன்சீன்காரர்கள் வந்தார்கள், அத்தையின் கையால் காப்பி குடித்தார்கள், பிடித்துப்போய்விட்டது என்றார்கள். மழைக்கு முன்பே கல்யாணம் முடிந்தது.

தலைதீபாவளிக்கு அத்தையும் மாமாவும் ரங்கூனைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் வந்தார்கள். அத்தை மெலிந்திருந்தாள். புதுப் பெண் மெலிந்துதான் இருப்பாள் என்று அம்மா சொன்னாள். முன்னறையில் மாமாவுக்கு முறுக்கும் அதிரசமும் போய்க்கொண்டிருந்தன. நான் அடுப்படியில் உளுந்துவடைக்குக் காத்திருந்தேன். அத்தை உள்ளே வந்து அம்மாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"அண்ணி, அந்தச் சட்டி இருக்கா? ஒரே ஒரு கிண்ணம் காய்ச்சித் தாங்களேன்."

"ஏம்மா, உருண்டை சாப்பிடலையா?"

"அங்க ஒரே ரூமு அண்ணி. மாமியாரும் அதுலதான். குளிக்கப் போறப்ப எடுத்துட்டுப் போயி முழுங்குறேன். எல்லா நாளும் முடியல."

அம்மா கரண்டியை எண்ணெயில் விட்டபடியே முன்னறைப் பக்கம் பார்த்தாள். "இன்னைக்கு வேணாம் கண்ணு. மாப்பிள்ள உக்காந்திருக்காரு, நல்ல நாளு, வீடெல்லாம் நாறிடும். நாளைக்கு அவரு அந்தப் பக்கம் போனதும் போட்டுத் தரேன்."

"அய்யே, அந்த நாத்தம் வேணாம்!" என்று நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். அத்தை சிரித்தாள். ஊரே இனிப்புத் தின்கிற நாளில் ஒருத்தி அந்தக் கசப்பைக் கேட்கிறாளே என்று எனக்கு அதிசயமாக இருந்தது. உடம்பு சரியில்லை என்று அவள் வாய்விட்டுச் சொல்லக்கூடிய வீடு உலகத்திலேயே எங்கள் வீடு ஒன்றுதான். அன்றைக்கு அதையும் நாங்கள் மூடிவிட்டோம்.

மறுநாள் காலையில் மாமா வெளியே எங்கும் போகவில்லை. அவருடைய அம்மா எதிர்பார்த்துக்கொண்டிருப்பாள் என்று அத்தையையும் கூட்டிக்கொண்டு மதிய ரயிலுக்கே கிளம்பிவிட்டார்.

அத்தை அடுத்த மழைக்காலத்தில் இன்சீனில் போய்விட்டாள். சாவு வீட்டில் மாமா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லியிருந்தா நானே காய்ச்சிக் குடுத்திருப்பேனே மச்சான்" என்று அழுதார். பெரியப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கஷாயம் குடித்திருந்தால் பிழைத்திருப்பாளா, பம்பு இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா, எனக்குத் தெரியாது. இப்போது அதே கஷாயம் குருணையாகச் சின்னப் பொட்டலத்தில் வருகிறது. வெந்நீரில் கலக்கினால் போதும், வாடை அவ்வளவாக இல்லை. கடையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. பொட்டலத்தின் மேல் ஆத்திரப்பட்டு என்ன செய்ய?

ஆனால் என்னால் மறக்க முடியாதது அந்தத் தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம்தான். மாமா பையோடு முன்னால் இறங்கிப்போய்த் தெருவில் நின்றார். "யாரு முதல்ல கீழ போறான்னு பாப்பமா?" என்று நான் அத்தையிடம் பந்தயம் கட்டிவிட்டுத் தடதடவென்று இறங்கினேன். பாதியில் அண்ணாந்து பார்த்தால், அவள் மேல்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஒரு மாடி இறங்கி, அங்கேயும் அப்படியே நின்று சிரித்தாள். சிலையாக நிற்கும் விளையாட்டை ஆடுகிறாள் என்று நான் குதித்தேன். "சீக்கிரம் வா அத்தே, ஏமாத்தாத!" என்று கத்தினேன். கையை மட்டும் அசைத்தாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று வந்து, கடைசிப் படியில் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, "நீதாண்டி ஜெயிச்சே" என்றாள். ஜெயித்த சந்தோஷத்தில் எனக்கு அன்று முழுக்கத் தலைகால் புரியவில்லை.