நாக்கு மரத்தபோது சொல்லியிருக்க வேண்டும்

எண்பதுகளின் நடுவில் ஒரு காலை, விழுப்புரத்தில் ஒரு நர்சிங் ஹோம் மேசையில் படுத்திருந்தபோது என் நாக்கு மரத்தது. ஆபரேஷன் நடந்ததோ தோளில்.

நான் திண்டிவனம் - விழுப்புரம் தனியார் பேருந்து ஓட்டுநர். தோளில் இருந்த கொழுப்புக்கட்டி சீட்டில் உரசி இம்சை கொடுத்ததால் அதை எடுக்க வந்திருந்தேன். மனைவி இறந்து நான்கு வருடம். துணைக்கு யாருமில்லை.

டாக்டரம்மா லிக்னோகெயின் (அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் மருந்து) ஊசி போட்டார். "வலிக்குதா?" என்று கேட்டபோதெல்லாம், பயத்தில், தொட்டதற்கே வலிக்கிறது என்றேன். பேருந்தை அடக்குகிறவனின் வீரம் அவ்வளவுதான். மறுபடி மறுபடி ஊசி ஏறியது. பிறகு உதடும் நாக்கும் மரத்தன. வாயில் இரும்பு ருசி, காதில் ரீங்காரம். மருந்து நன்றாகப் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு வாயை மூடிக்கொண்டேன்.

நினைவு வந்தபோது முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது. எனக்கு வலிப்பு வந்திருக்கிறது. டாக்டரம்மா மூச்சு தடைபடாமல் பார்த்து, டயசிபாம் (வலிப்பை அடக்கும் மருந்து) ஊசியை நரம்பில் போட்டிருந்தார். மாலை வரை நாடியையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார். முன்பே நாக்கு மரத்ததை அப்போதுதான் அவரிடம் சொன்னேன்.

"நாக்கு மரத்துச்சுன்னா ஏம்பா சொல்லல? மருந்து ரத்தத்துல ஏறுதுன்னு அதான் அடையாளம். சொல்லியிருந்தா அப்பவே நிறுத்தியிருப்பேன்."

"மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேங்க."

நீங்கள் அப்படி நினைத்துவிடாதீர்கள். சங்கோஜப்படாமல் சொல்லிவிடுங்கள்.

இது வலிப்பு நோயல்ல, மருந்து அளவு மீறியதால் வந்தது என்று எழுதியும் கொடுத்தார். அதற்குள் செய்தி திண்டிவனம் போய்விட்டது. பஸ் முதலாளி கடிதத்தைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"லெட்டர் சரிப்பா. ஜனங்க லெட்டரப் படிச்சிட்டா பஸ் ஏறுறாங்க?"

மூன்று மாதம் வீட்டில் கிடந்தேன். காய்ச்சல் என்றால் ரொட்டியோடு பார்க்க வந்திருப்பார்கள். வலிப்பு என்றதும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மனைவி இறந்தபோதுகூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

மாற்று டிரைவர் வேலையை விட்டு நின்றுவிட்டதால் என்னைக் கூப்பிட்டார்கள். கண்டக்டர் என் பக்கத்திலேயே, சாவி எட்டும் தூரத்தில் நின்றபடி வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்பெல்லாம் திண்டிவனத்தை விட்டால் விழுப்புரம்தான், நடுவில் நேரம் போவதே தெரியாது. இப்போது ஒவ்வொரு நிமிடமும் தனியாக வந்தது. கைகால் என் சொல்லைக் கேட்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஓட்டினேன்.

ஒரு நாள் விக்கிரவாண்டி தாண்டியதும் கண்டக்டர், "இனிமே என்னாண்ணே பயம்? பின்னால போய் டிக்கெட் போடுறேன்" என்று நகர்ந்தார். அந்தச் சொல்லுக்காகத்தான் ஏங்கிக் கிடந்தேன். கண்ணாடியில் பார்த்தேன். பேருந்து நிறைய ஆட்கள், பாதிப்பேர் தூக்கத்தில்.

"விழுப்புரம் வர்ற வரைக்கும் இங்கியே நில்லுப்பா" என்றேன்.