பெரிய சர்ஜன் தூங்கிய விதம்

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மாவின் கணவர், மனைவி பேச ஆரம்பித்த இரண்டாவது வாக்கியத்திலேயே சோபாவில் குறட்டை விடுவார். கேட்டால், "உன் கைராசி அப்படி" என்பார்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கைராசி அவ்வளவு சுருக்கில் பலிக்காது. இதயம் பலவீனமானவர்களுக்கு அம்மா பெரும்பாலும் மிடாசொலம் என்ற தூக்க ஊசியைத்தான் எடுப்பார். கொஞ்சம் ஏற்றிவிட்டு, அது பிடிக்கும்வரை இரண்டு மூன்று நிமிடம் சும்மா நிற்கவேண்டும். பொறுக்காமல் மேலும் ஏற்றினால், எல்லாம் ஒன்றுசேர்ந்து மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் படுக்கவைத்துவிடும்.

இந்தச் சும்மா நிற்பதுதான் பெரிய சர்ஜனுக்கு ஆகாது. கையுறை மாட்டிய கைகளைத் தூக்கிக்கொண்டு, காலில் வெந்நீர் கொட்டியவர்போல் தவிப்பார்.

"என்னம்மா, இன்னும் கண்ணு முழிச்சுப் பாக்கறாரே! இன்னொரு ஊசி தள்ளுங்க."

"தள்ளினா ஆளே போயிடுவார் சார்."

தினமும் இதே கச்சேரி. ஒருநாள் பயந்து தள்ளிவிடுவோமோ என்பதுதான் அம்மாவின் கவலை.

இந்நிலையில் சர்ஜனுக்கே குடலிறக்கம் வந்தது. இதயமும் அப்படியொன்றும் உத்தமமில்லை. மேஜையில் படுத்தவர், தன் ஆபரேஷனையும் தானே மேற்பார்வை பார்த்தார். அம்மா ஊசியை ஏற்றிவிட்டு நின்றார்.

"நான் முழிச்சுதான் இருக்கேன். இன்னும் போடும்மா!"

அம்மா அசையவில்லை. சர்ஜன் விளக்கின் விலையை விசாரித்தார், ஜன்னல் துடைத்த லட்சணத்தைக் கண்டித்தார். பிறகு நாக்குக் குழறியது. "நீ சொல்றதுதாம்மா சரி... இனிமே உன்னை அவசரப்படுத்த மாட்டேன்..." தூங்கிப்போனார்.

தலைமை நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டார். "மேடம், கேட்டீங்களா?"

"கேட்டேன். அவர்தான் கேட்டிருக்க மாட்டார்."

அந்த மருந்தின் குணம் அது. உள்ளே போனபிறகு நடப்பதை நினைவிலிருந்தே துடைத்து எடுத்துவிடும்.

விழித்ததும் சர்ஜன், "எப்ப ஆரம்பிக்கிறீங்க?" என்றார். முடிந்துவிட்டது என்றதும் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? ஊசி போட்ட அடுத்த நொடி தூங்கிட்டேன், நல்லா ஞாபகம் இருக்கு. மத்தவங்களுக்கு மட்டும் ஏம்மா ஜவ்வு மாதிரி இழுக்கறீங்க?"

"சார், நீங்க அப்ப..." என்று தலைமை நர்ஸ் பாய்ந்தார். அம்மா கண்ணால் தடுத்தார். சாட்சி சொல்லி இவரை ஜெயிக்க முடியாது.

"உங்க உடம்பு அப்படி சார்," என்றார் முகம் மாறாமல். "இந்த மாதிரி ஒரு உடம்பை நான் பாத்ததே இல்ல. சாதாரண ஜனங்களுக்கு ரெண்டு மூணு நிமிஷம் ஆகத்தான் செய்யும்."

சர்ஜன் யோசித்தார். யோசிக்க யோசிக்க அது நியாயமாகவே பட்டது.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் ஒரு முதியவர் மேஜையில் கிடந்தார். மருந்து ஏறியும் பேரனின் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். புது நர்ஸ் ஒருத்தி, "இன்னும் தூங்கலையே" என்று முணுமுணுத்தாள்.

"பொறும்மா," என்று அதட்டினார் சர்ஜன். "எல்லாரும் என்னை மாதிரி இருப்பாங்களா?"