முட்டுக்கட்டையும் மூன்று விசிலும்

பஸ் டெப்போவில் டயர் மாற்றும் அந்த மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. டெப்போ கால்பந்து அணியின் பின்வரிசையில் இருபது வருடமாக நின்று, வருகிற பந்தையெல்லாம் மறித்துத் தள்ளியதால் முட்டுக்கட்டை என்றே பெயர் நிலைத்துவிட்டது. கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள், வேறு அர்த்தத்தில்.

படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. பந்து இருக்கும்போது பாடம் எதற்கு என்று நினைத்த வயது அது. அந்தக் கொழுப்பு ஒரே நாளில் இறங்கியது. ஆட்டம் முடிந்து நடுவர் விசில் ஊதிய பிறகும் ஆத்திரத்தில் உதைத்தார். உதை பந்தில் விழாமல் எதிரணிக்காரன் காலில் விழுந்தது. எலும்பு முறிந்தது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவரும் அவரேதான். அன்றிலிருந்து விசில் சத்தம் கேட்டால், எந்த வேலையானாலும் மனிதர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். ஞாயிற்றுக்கிழமைதோறும் சம்பளமில்லாமல் ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சர் தூக்கப் போவதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.

ஒரு ஞாயிறு, வண்டியில் ஒரு அம்மா மூச்சுக்குத் திணறினாள். பயிற்சி இல்லாதவர் தொடக்கூடாது என்று இவரை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். பயிற்சியில் சேரப் பத்தாவது தேறியிருக்க வேண்டுமாம். கைகட்டி நின்றது அவருக்குப் பொறுக்கவில்லை. நாற்பது வயதில் புத்தகத்தைத் தூக்கினார். மற்ற பாடமெல்லாம் தேறியது. கணக்கு மட்டும் இரண்டு தடவை காலை வாரியது. இந்த வருடத்தை விட்டால் பயிற்சிக்கான வயதும் தாண்டிவிடும்.

அதே வருடம் மகளுக்கும் பத்தாவது. தையல் மிஷினை மிதித்துக்கொண்டே மனைவி இருவருக்கும் சேர்த்துக் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். மகளுக்கோ மானம் போகிற சமாசாரம். இரண்டு பேருக்கும் ஒரே ஹால் என்று தெரிந்ததும் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, அங்க என்னத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க."

சரிம்மா என்றார். வலித்தது, வெளியே காட்டவில்லை.

கணக்குப் பரீட்சையன்று பேனா நன்றாகவே ஓடியது. இன்னும் நாற்பது நிமிடம், பெரிய கேள்வி மூன்று பாக்கி. அப்போது சுவருக்கு அந்தப்பக்க மைதானத்தில் யாரோ ஊதினார்கள். இரண்டு குட்டை, ஒரு நீளம். ஆட்டம் முடிந்தது என்கிற விசில்.

முட்டுக்கட்டை பேனாவை மூடினார். தாள்களை அடுக்கிக் கட்டினார். நேராக மேற்பார்வையாளரிடம் போய் நீட்டினார். கொடுத்த தாள் திரும்பி வராது.

முன்வரிசையில் நாற்காலி கிறீச்சிட்டது. மகள் எழுந்து நின்று, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி வீசினாள். நிறுத்தாதே, தொடர்ந்து ஆடு என்று நடுவர் காட்டுகிற சைகை. சின்ன வயதில் மைதானத்தின் ஓரம் உட்கார்ந்து, கொட்டாவி விட்டபடி எத்தனையோ தடவை பார்த்தது.

நீட்டிய கையை அவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

மேற்பார்வையாளர் மகளை அதட்டினார். சைகையில் விடை சொல்கிறாயா, உன் தாளையும் பிடுங்கட்டுமா என்றார். ஹாலே திரும்பிப் பார்த்தது. அவள் தலை குனியவில்லை.

"விடை இல்ல சார். அவர் எங்க அப்பா. விசில் கேட்டா நின்னுடுவார்," என்றாள். "அப்பா, அது வெளிய ஊதினது. நீங்க போய் எழுதுங்க."

மேற்பார்வையாளர் இருவரையும் உட்காரச் சொன்னார். யாரோ சிரித்தார்கள். அது முட்டுக்கட்டையின் காதில் விழவில்லை. இடத்துக்குப் போய் உட்கார்ந்து, புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். மூன்று கேள்வி பாக்கி இருந்தது. மூன்றையும் எழுதினார்.