பிள்ளைகளை எழுப்பிய சாவுமேளம்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்தில் ஒரு வரி மேட்டுக்கு ஏறும், அடுத்த வரி பள்ளத்துக்கு இறங்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எந்த இடத்தில் சின்ன 'ர', எந்த இடத்தில் பெரிய 'ற' என்று இன்றைக்கும் மகளைக் கேட்டுத்தான் எழுதுவேன். இதை அவளிடம் காட்டப் போவதில்லை. அதனால் பிழைகள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் மகள் பாடசாலை முகாமுக்குப் போகத் தயாரானாள். கிணற்றடியில் குந்தி, நனைத்த சவுக்காரக் கட்டியை எடுத்து நுரை வரச் சொக்ஸில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"காட்டுல கால்ல அட்டை ஏறாம இருக்குமாம் அப்பா. டீச்சர் சொன்னாங்க. ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியுமா என்றால்? ஒரு காலத்தில் எனக்கு அட்டை அண்ணா என்றே பேர். அதை அவளிடம் சொல்லவில்லை. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு விறகு எடுக்கப் போவதுபோல வீட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். ஈரக் கம்பளித் துணியும் சவுக்காரமும் கலந்த அந்த வாசனைக்கு நான் இன்னும் பயப்படுகிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

வட்டவளை ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு பழைய பங்களா இருந்தது. துரை குடியிருந்து, பிறகு பூட்டிக் கிடந்து, பிறகு கொழும்புக் கம்பனி ஒன்று குத்தகைக்கு எடுத்தது. ஆகஸ்ட் விடுமுறையில் பட்டணத்துப் பிள்ளைகளைக் கொண்டுவந்து தங்கவைத்து, மலையேற வைத்து, நெருப்பு மூட்டிப் பாட வைத்து அனுப்புவார்கள். பிள்ளைகளோடு அதே அறையில் படுத்து, எழுப்பி, குளிக்கவைத்து, அழுதால் தேற்றுவதற்கு 'அண்ணாமார்' வேண்டும். மற்ற அண்ணாமார் கொழும்பில் படித்தவர்கள். எனக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம், சின்ன வயதிலேயே கொழும்புக் கடையில் நின்று சிங்களம் பேசப் பழகியிருந்ததும், மழையில் வழுக்காத பாதை எது என்று தெரிந்திருந்ததும்தான்.

அப்பாவுக்கு அந்த வேலையில் இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. அவர் கான் வெட்டும் ஆள். தேயிலை மலையில் மழைத்தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டுகிற வேலை. காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகும்போது யாராவது கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வாராம்: "மவன் பங்களாவுல இருக்கான். புள்ளைங்களுக்கு மாஸ்டரு மாதிரி." மாஸ்டராவது! பொடியன்கள் காலில் போட்டு நனைத்த சப்பாத்துக்குள் பழைய பேப்பரைத் திணிப்பதுதான் என் பெரிய உத்தியோகம்.

அப்பாவின் பெருமை உங்களுக்குப் புரிய வேண்டுமானால் இதைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் தப்பு அடிக்கும் வீடு எங்கள் வீடு. தப்பு என்றால் வட்டமான சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டிய மேளம். தாத்தா காலத்தில் விடிகாலையில் அதை அடித்துத்தான் லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களை வேலைக்கு எழுப்பினார்களாம். நான் பிறந்தபோது அந்த வழக்கம் போய்த் தொழிற்சாலைச் சங்கு வந்துவிட்டது. சாவுக்கு அடிப்பது மட்டும் எங்களோடு தங்கிவிட்டது. மழையோ காய்ச்சலோ, ஆள் வந்து வாசலில் நின்று கூப்பிட்டால் அப்பா போக வேண்டும். மாட்டேன் என்று சொல்லும் உரிமை எங்கள் வீட்டுக்கு இல்லை. நான் பின்னால் போய், காய்ந்த மானாப்புல்லைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சிக் கொடுப்பேன். பள்ளிக்கூடத்தில் என் பேரே மறந்துபோய், நான் உள்ளே வந்தாலே பையன்கள் மேசையில் சாவடி, அதாவது சாவுக்கான மேள அடி, அடிப்பார்கள். மாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு "சும்மா இருங்கடா" என்பார். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் இனிப் போகமாட்டேன் என்று படுத்துவிட்டேன். அப்பா காரணத்தைக் கேட்டார். தப்பை எடுத்து அடுப்பில் வைத்தார். தோல் கருகும் நாற்றம் பக்கத்துக் காம்பரா அறைகளுக்கெல்லாம் போனது.

"நீ பேரச் சொல்லிக் கூப்புடுற மனுசனா இருக்கணும். இனி நானும் தொட மாட்டேன், நீயும் தொடாத" என்றார்.

அதற்கப்புறம் சாவு விழுந்தால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். அப்பாவிடம் பலர் பேச்சை நிறுத்தினார்கள். அவர் அசையவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவும் இல்லை. அது வேறு கதை.

பங்களாவில் முதல் நாள் ஒரு பிள்ளைக்கு அட்டை கடித்து முகாமே அலறியது. நான் சவுக்காரம் தேய்க்கும் வித்தையைக் காட்டினேன். அன்றிலிருந்து அட்டை அண்ணா. ஸைனப் என்று ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று, வாய் என்றால் வாய். அவர்கள் வீட்டில் அண்ணனை நானா என்பார்கள்; அவளுக்கு மட்டும் நான் அட்டை நானா.

"நானா, இந்த அட்டைக்கு உம்மா வாப்பா ஈக்கா?"

"இருக்கும்மா."

"அப்ப ஏன் ராவெல்லாம் வெளியே சுத்த உடுறாங்க?"

என்னிடம் இப்படியெல்லாம் யாரும் அதுவரை பேசியதில்லை. கூச்சக்காரனான நான் அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் சத்தமாகச் சிரித்தேன். அந்தச் சந்தோஷத்தையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

முகாமை நடத்தியவர் வசந்தி மிஸ். நல்ல மனுஷி. தோட்டத்தில் முன்பு மேளம் அடித்துத்தான் ஆட்களை எழுப்பினார்கள் என்று அவர் எங்கேயோ கேள்விப்பட்டு, ஹட்டனிலிருந்து ஒரு தப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். இனி மணிக்குப் பதில் அதுதான் என்றார். "யாருக்கு அடிக்கத் தெரியும்?"

நான் தரையைப் பார்த்தேன். காவல்கார சுப்பையா அண்ணன் என்னைப் பார்த்தார்.

"இவன்கிட்டக் குடுங்க மிஸ். இவுங்க பரம்பரையே அதுதான்."

"உண்மையாவா? ஏன் சொல்லவே இல்ல நீங்க!" என்று மிஸ் கைதட்டினார். பிள்ளைகளும் கைதட்டினார்கள். அத்தனை பேர் சந்தோஷப்படும்போது முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன்.

விடிந்ததும் அடித்தேன். காமன் கூத்துக்கு ஓர் அடி, சாமி ஊர்வலத்துக்கு ஓர் அடி என்று பல இருக்கின்றன. ஆட்களை எழுப்பும் அடி தாத்தாவோடு போய்விட்டது. என் கைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, கேட்டுக் கேட்டு ஏறியது. குச்சி தோலில் பட்டதும் கை தானாகச் சாவடிக்குப் போனது. பிள்ளைகள் போர்வையை உதறிக்கொண்டு எழுந்து ஆடினார்கள்.

சுப்பையா அண்ணன் சமையலறை வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "டேய், இந்த அடிக்கு இதுவரைக்கும் ஒருத்தரும் எந்திரிச்சதில்லடா. ஒன் புள்ளைங்க எந்திரிக்குதுங்களே!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மழை விடாமல் கொட்டியதால் சத்தம் பங்களாவைத் தாண்டாது என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். மறுநாளும் அடித்தேன். அதற்கு மறுநாளும். பிள்ளைகள் தகரத் தட்டிலும் வாளியிலும் அதையே பழகிவிட்டார்கள். சாப்பாடு தாமதமானால் சாவடி. மழை விட்டால் சாவடி. என்ன அடி என்று மிஸ் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கடைசி நாள் பிள்ளைகள் வர்ணம் கலக்கி அந்தத் தப்பின் தோலில் பூப் போட்டார்கள். நடுவில் பச்சையாக ஒரு பெரிய அட்டை. அதன் கீழே 'அட்டை அண்ணா'.

பிள்ளைகளை ஸ்டேசனுக்குக் கொண்டுபோகும் பஸ்ஸில் நான் ஃபுட்போர்டில் நின்றேன். தப்பைத் தோளில் மாட்டச் சொன்னது மிஸ்தான், போட்டோவுக்கு. அன்று பார்த்து மழை விட்டிருந்தது. ஜன்னல்களைத் திறந்துகொண்டு, அத்தனை பிள்ளைகளும் பஸ்ஸின் தகரத்தில் கைகளால் அதே சாவடியை அடிக்கத் தொடங்கினார்கள்.

மத்தியானக் கொழுந்து நிறுக்கும் நேரம். பாதை முழுக்க ஆட்கள். சத்தம் கேட்டதும் பெண்கள் கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து இறக்கிவிட்டு ஓரத்தில் ஒதுங்கினார்கள். ஆண்கள் தலைத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தார்கள். சாவு போகும்போது அப்படித்தான் நிற்போம். வளைவுக்கு வளைவு, வரிசை வரிசையாக, குனிந்த தலைகள். பிள்ளைகள் கையசைத்தார்கள்.

"நானா, பாருங்களே! எங்களுக்கு எவ்வளவு மரியாதை!" என்றாள் ஸைனப்.

நிறுத்துங்கள் என்று ஒரு சொல் போதும். காரணம் கேட்பார்களே என்று அந்தச் சொல்லை விழுங்கினேன்.

கீழ் லயத்து முடக்கு வளைவில் ஆட்கள் பாதைக்கு வந்துவிட, டிரைவர் பஸ்ஸை நிறுத்தினார். கங்காணி கிட்ட வந்து மெதுவாகக் கேட்டார். "யாருப்பா? எந்த லயத்து ஆளு?"

நான் பதில் சொல்லுமுன் ஸைனப் தலையை நீட்டினாள். "நாங்கதான்!"

"ஐயையோ, பச்சப்புள்ள வாயில என்னா வார்த்த!" என்று ஒரு அம்மா மூன்று தரம் துப்பினார். அப்போதுதான் என் தோளில் கிடந்த தப்பைக் கண்டார்கள்.

"அட, நம்ம தப்புக்காரன் மவன்டா! அப்பன் அடுப்புல வச்சான், மவன் பங்களாவுல வச்சிருக்கான்!"

சிரிப்பு பாதை முழுக்க ஓடியது. அந்தச் சிரிப்புக்கு நடுவில், கான் ஓரத்தில், முழங்கால்வரை சேறோடு அப்பா நின்றார். அவரும் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, அந்தத் துண்டால் மண்வெட்டியைத் துடைத்தார். மண்வெட்டி சுத்தமாகும்வரை துடைத்தார், சுத்தமான பிறகும் துடைத்தார். பஸ் நகர்ந்துவிட்டது.

வீட்டுக்குப் போனபோது "சாப்புட்டியா?" என்றார். அவ்வளவுதான்.

அந்த மழைக்காலம் முடியுமுன் நடு லயத்தில் ஒரு பெரியவர் இறந்தார். எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு எங்கள் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஒங்க மவன வரச்சொல்லுங்க. கொழும்புப் புள்ளைங்களுக்கெல்லாம் அடிக்கிறாரு. நம்ம ஆளு பொணத்துக்கு அடிச்சா கௌரவம் கொறஞ்சுருமா?"

அப்பா கொடியில் கிடந்த சட்டையை எடுத்தார். 'நாங்க தொடுறதில்ல' என்று இத்தனை காலம் அவர் வைத்திருந்த ஒரே பதிலை நான் அவர் கையிலிருந்து பிடுங்கியிருந்தேன்.

"அவன் வரமாட்டான். நான் வர்றேன்" என்றார். சட்டையைப் போட்டுக்கொண்டே என் பக்கம் திரும்பாமல், "கதவச் சாத்திக்க" என்றார்.

வீட்டில் தப்பு இல்லை. பங்களாவுக்கு ஏறிப் போய், மிஸ் விட்டுப்போன தப்பைச் சுப்பையா அண்ணனிடம் வாங்கிக்கொண்டு போனார். பூக்களும் பச்சை அட்டையும் வரைந்த அந்தத் தோலில் அப்பா அடித்ததைச் சாத்திய கதவுக்குள் இருந்து கேட்டேன். நான் அடித்ததும் அவர் அடித்ததும் ஒன்றல்ல என்று மட்டும் தெரிந்தது. அடுத்த சாவுக்கும் அவரே போனார். கை நடுங்கும்வரை போனார். ஒவ்வொரு தரமும் நான் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் போட்ட ஒரே கட்டளை. குச்சி படப்பட வர்ணம் உதிர்ந்து, என் பேரில் 'அண்ணா' போய், 'அட்டை'யும் போனது.

அடுத்த வருஷம் கம்பனி என்னைக் கூப்பிட்டு ஆள் அனுப்பியது. அப்பா போகச் சொன்னார். நான் ஹட்டன் பேக்கரியில் மாவு பிசையப் போய்விட்டேன். இன்னும் அங்கேதான்.

இப்போது அந்தப் பங்களா ஹோட்டல். வாசலில் கேட் போட்டிருக்கிறார்கள். கீழ் லயம் மண் சரிந்து போய்விட்டது. சுப்பையா அண்ணனும் இல்லை. சாவு விழுந்தால் ஹட்டனுக்குப் போன் போடுகிறார்கள். ஒரே நிறச் சட்டை போட்ட பொடியன்கள் தப்போடு வேனில் வந்து இறங்குகிறார்கள். எந்த வீட்டுப் பிள்ளைகள் என்று யாரும் கேட்பதில்லை. போன மாதம் ஒரு சாவுக்குப் போயிருந்தேன். வீட்டுக்காரர் அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, எல்லாருக்கும் கொடுத்த அதே கப்பில் அவர்களுக்கும் தேத்தண்ணி கொடுத்தார். ஒருவன் சீனி போதாது என்று திருப்பிக் கொடுத்தான்.

பழைய காலம் போய்விட்டது என்று எல்லாரும் வருத்தப்படுகிறார்கள். இது போனதில் எனக்கு வருத்தமே இல்லை. அப்பா அதற்கு முன்னால் போய்விட்டார். கடைசிவரை சாவு வீட்டு வாசலுக்கு வெளியே நின்றுதான் தேத்தண்ணி குடித்தார்.

எழுதி முடித்தது, ஆடி அமாவாசை, காலையில், விரதச் சமையலுக்கு முன்.