அப்பா படுத்திருந்த மாதங்கள்

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, பந்தலில் அமர்ந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளாகிய என் வணக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆளும் நான்தான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை, அப்பாவுக்கும் இருந்ததில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்றாலும், யாரும் கேட்காமலேயே, "எம் பொண்ணு காலேஜு" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேச்சை எடுப்பார். அதனால் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். பெருமையாக எழுது என்றும் சொன்னார்கள். பெருமையாகத்தான் எழுதுகிறேன். ஆனால் இத்தனை வருடங்களாக நீங்கள் கேட்டுவந்த கதையில் ஒரு பகுதியை இங்கே திருத்தி எழுத வேண்டியிருக்கிறது.

அப்பா எண்ணூர்க் கடற்கரைக் குப்பம் ஒன்றில், நான்கு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். மூன்றாம் வகுப்போடு பள்ளி நின்றுபோனது. மீசை முளைக்கும் முன்பே கடலுக்குப் போனார். அம்மாவை ராயபுரத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தார். வந்த புதிதில் அம்மா, இந்த ஊரில் ஒரு நல்ல டீக்கடை உண்டா என்று கேட்டாராம். அன்றிலிருந்து சண்டை வந்தால் அப்பா அம்மாவை "டவுன்காரி" என்றுதான் கூப்பிடுவார். உறவினர் இருவரின் உதவியோடு பைபர் படகு ஒன்றை வாங்கி, நான்கு பேரோடு தொழில் செய்தார். அவர்களில் ஒருவர் அப்பாவின் மாமன் மகன் ஏழுமலை மாமா. இந்தக் கட்டுரையில் பெயர் சொல்லி எழுதப்போவது அவர் ஒருவரைத்தான்.

கடலோரத்தில் இல்லாத உறவுகளுக்காக ஒன்றை விளக்கிவிடுகிறேன். எங்கள் தெருவில் படகுக்குப் போகும் ஆட்களை, விடியும் முன் படகுக்காரர் வீடு வீடாகப் போய்க் கூப்பிடுவார். கதவைத் தட்டுவதில்லை. வாசலில் நின்று பெயரைச் சொல்லி, "வர்றியா?" என்று கேட்பார். உள்ளிருந்து ஒரு "ம்" வந்தால் போதும், அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். பதில் இல்லையென்றால் அன்றைக்கு அந்த ஆள் வரவில்லை என்று அர்த்தம். ஏன் என்று அங்கே நின்று கேட்கும் வழக்கம் கிடையாது. அப்பா பல வருடங்கள் அப்படிக் கூப்பிட்டவர். அவர் குரலில்தான் எங்கள் தெரு விழிக்கும்.

ஒரு வடகிழக்குப் பருவத்தில் புயல் வருகிறது என்று சொன்னார்கள். கடல் அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டிய பிறகு எங்கள் கரையில் படகை இழுத்துப் போட மணல் மிச்சமில்லை. சிலர் ஆள் சேர்த்துப் படகுகளைச் சாலைவரை தூக்கிவந்து வைத்தார்கள். அப்பா, தான் கட்டினால் அசையாது என்று சொல்லி, முகத்துவாரத்துப் பக்கம் தண்ணீரிலேயே கட்டிவிட்டு வந்தார். காலையில் படகு கற்கள்மேல் இரண்டாகக் கிடந்தது. இன்ஜினைக் காணவில்லை. அலை ஓய்ந்ததும் ஏழுமலை மாமா தண்ணீரில் இறங்கி, கட்டியிருந்த கயிற்றை இழுத்துச் சுருட்டிக்கொண்டு வந்தார். கயிறு அறுந்துவிட்டது என்று தெருவுக்குச் சொன்னார்.

கயிறு அறுந்திருக்கவில்லை. முழுதாக இருந்தது. முடிச்சுதான் அவிழ்ந்திருந்தது. அது அப்பாவுக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும். அம்மா எனக்குச் சொன்னது போன மாதம்தான்.

அப்பா வீட்டுக்குள் வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். எழவில்லை. முதல் வாரம் அதிர்ச்சி என்று நினைத்தோம். பிறகு காய்ச்சல் என்று சொன்னோம். பொங்கல் வந்து போனது. குளிக்கச் சொன்னால் குளித்தார், சாப்பிடச் சொன்னால் கொஞ்சம் சாப்பிட்டார், திரும்பவும் படுத்துக்கொண்டார். யாரோடும் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பது எங்கள் வீட்டில் மின்சாரம் போனது போல இருந்தது. அம்மா இறால் உரிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போனார். ஐஸில் ஊறி வெளுத்த விரல்களோடு வந்து சோறு வடிப்பார். எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு நான்கு.

தெருவுக்கு இதெல்லாம் தெரியும். ஒட்டின சுவர்கள், எதை மறைப்பது? வெளியூர் உறவுக்குத் தெரியக்கூடாது என்று அம்மா நினைத்தார். ஆகவே ராயபுரத்தில் அம்மா வீட்டுக்கும் எம்.கே.பி. நகரில் அப்பாவின் அண்ணன் வீட்டுக்கும் ஒரே செய்தி போனது: அவர் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் கூலி வேலைக்குப் போயிருக்கிறார், அங்கேயே தங்கிக்கொள்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எம்.கே.பி. நகரிலிருந்து பெரியப்பா பார்க்க வந்தார். அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை மறித்தபடி அந்தச் செய்தியையே மறுபடி சொன்னார். கதவுக்குப் பின்னால், ஒரு கை நீட்டினால் தொடும் தூரத்தில், அப்பா படுத்திருந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"படகு போயும் ஒடம்ப வளைச்சி கல்லு மண்ணு தூக்கிகினு கீறான் பாரு. எந் தம்பி ஆம்பள. வேற எவனா இருந்தா இந்நேரம் குப்புற பட்த்துகினு இருப்பான்" என்றார் பெரியப்பா.

அப்பா போர்வையை இழுத்து முகத்தின்மேல் போட்டுக்கொண்டார்.

பெரியப்பாமீது எந்தத் தவறும் இல்லை என்பதை இங்கே பணிவோடு சொல்கிறேன். நாங்கள் சொன்னதை அவர் நம்பினார். தன் தம்பியைப் பற்றிப் பெருமைப்பட்டார். அந்தப் பெருமை வீட்டுக்கு வீடு போய், கல்யாணப் பந்திகளில் வளர்ந்து, விழுந்த மூன்றாம் நாளே எழுந்து நின்ற மனிதர் என்று அப்பாவுக்கு ஒரு பெயர் ஆகிவிட்டது. பின்னாளில் அப்பாவின் எதிரிலேயே அதைச் சொல்வார்கள். அவர் எழுந்துபோய் செருப்பைத் தேடுவார்.

அந்த மாதங்களில் எங்கள் வாசலுக்குத் தவறாமல் வந்தவர் ஏழுமலை மாமா. அப்பாவின் படகு போனதில் அவர் பிழைப்பும் போனது. வேறொருவர் படகில் ஆளாகச் சேர்ந்திருந்தார். கோபப்பட அவருக்குக் காரணம் இருந்தது. ஆனால் கடலுக்குப் போகும் ஒவ்வொரு விடியலிலும் எங்கள் வாசலில் நின்று, அப்பா அவரைக் கூப்பிட்டது போலவே, அப்பாவைக் கூப்பிட்டார்.

"மச்சான், வர்றியா?"

பதில் இருக்காது. கொஞ்சம் நிற்பார். "சரி, நாளிக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். உள்ளே வந்து உட்கார்ந்ததில்லை. தைரியமாக இரு என்று ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாவிடம் எப்படி இருக்கிறார் என்றுகூடக் கேட்டதில்லை. சில நாள் தான் போகும் படகின் சேதியை வாசலிலிருந்தே சொல்வார். அந்தப் படகில் ஓர் இடத்தை அப்பாவுக்காகக் காலியாக வைக்கச் சொல்லியிருந்தாராம்.

"உன் எடத்துல ஐஸ் பெட்டி உக்காந்துகினு வருது மச்சான். உன்ன மாரி பீடி கேட்டு பேஜார் பண்ல, அது ஒண்ணுதான் நிம்மதி."

உள்ளே அம்மா சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் போர்வை முகத்தை விட்டு விலகி இருந்ததை நான் பார்த்தேன்.

வெயில் காலம் தொடங்கியிருந்த ஒரு விடியலில் மாமா வழக்கம்போல் கூப்பிட்டார். வழக்கம்போல் நின்றார். கிளம்பும் நேரத்தில் உள்ளிருந்து, பல நாள் பேசாததால் கட்டிப்போன குரலில் அப்பா கேட்டார்:

"காத்து எந்தப் பக்கம்?"

"தெக்கால இருந்து" என்றார் மாமா. வேறொன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

அவர் அன்று சந்தோஷத்தில் உள்ளே ஓடி வந்திருந்தால் அப்பா மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பியிருப்பார் என்று அம்மா இன்றும் சொல்வார். மறுநாளும் அப்பா காற்றைக் கேட்டார். அதற்கும் அடுத்த வாரம் வாசல்வரை வந்தார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கியபோது ஐஸ் பெட்டியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தார். சொந்தப் படகு இருந்த மனிதர் அதன்பின் சில வருடங்கள் இன்னொருவர் படகில் ஆளாகத்தான் போனார். பிறகு மாமாவும் அவரும் சேர்ந்து ஒரு படகை எடுத்தார்கள்.

எழுந்துவிட்டார் என்று இங்கே முடித்துவிட எனக்கும் ஆசைதான். முழுதாக எழவில்லை. அந்தப் புதுப் படகை அவர் ஒருநாளும் தன் கையால் கட்டியதில்லை. முதலாளி இல்லையா, முடிச்சுப் போட மாட்டார் என்று சிலர் கேலி செய்வார்கள், அப்பாவும் சிரித்துவைப்பார். கரைக்கு வந்ததும் கயிற்றை மாமாவிடம் நீட்டிவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். ஒவ்வொரு ஐப்பசியிலும் சில நாள் பேச்சு குறைந்துவிடும். அதையெல்லாம் வைத்துக்கொண்டுதான் கடலுக்குப் போனார், என்னைப் படிக்க வைத்தார், தெருவில் யார் வீட்டுச் சாவுக்கும் முதல் ஆளாக நின்றார்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், தம்பிக்காக.

அவன் சீருடைப் பணிக்காக மூன்று வருடம் கடற்கரைச் சாலையில் ஓடியவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எழுத்துத் தேர்வில் தேறினான், ஓட்டத்தில் தேறினான். கடைசி மருத்துவச் சோதனையில் சில நிறங்களை அவன் கண் பிரித்தறியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். தேர்வு என்றால் மறுபடி எழுதலாம். கண்ணை என்ன செய்வது? அவன் வந்து, அப்பா படுத்திருந்த அதே சுவர் ஓரம் படுத்தான். அப்பாவுக்கு அப்போது நுரையீரல் நோய் முற்றியிருந்தது. ஒரே வீட்டில் இருவரும் படுத்திருந்தார்கள். ஒரு மதியம் அம்மா தம்பியைத் திட்டத் தொடங்கியபோது, மூச்சு வாங்க அப்பா சொன்னது இது:

"அவன திட்டாத. கூப்டுகினே இரு."

சில நாட்களில், மாசி மாதத்தில், மருத்துவமனையில் அப்பா காலமானார். பால் ஊற்றும் சடங்கன்று உறவினர் நடுவில் பெரியப்பா தம்பியின் தோளைப் பிடித்து, அவன் நன்மைக்காகத்தான் சொன்னார்: "ஒரு வேல போனதுக்கு வூட்டுல சுருண்டுகினு கீறியே. உங்கப்பன் படகே போயி மூணாம் நாளு காட்டுப்பள்ளிக்கு கெளம்பனவன். அவன் ரத்தமாடா நீ?"

தம்பி தோளை விலக்கிக்கொண்டான். சடங்கை முடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனான். அதன்பின் அவன் வெளியே வருவது மிகக் குறைவு. இந்தப் பந்தலிலும் நீங்கள் அவனைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பயந்துபோய் இருக்கிறேன். அதை மறைக்க விரும்பவில்லை.

இதை எழுத அம்மா முதலில் சம்மதிக்கவில்லை. "செத்தவரு மானத்த அச்சுல போட்டு பந்தல்ல குடுப்பியா? இதுக்குதான் உன்ன படிக்க வெச்சாரா?" என்று கேட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் எழுதியதைக் கிழித்துவிடலாமா என்று யோசித்தேன். மூன்றாம் நாள் காய் நறுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "போடு. அந்த காட்டுப்பள்ளி கத நான் கட்னதுன்னு போடு. ஏழுமல கூப்டத உட்றாத." அந்தக் கயிற்றின் கதையை அம்மா எனக்குச் சொன்னதும் அப்போதுதான். எழுதி முடித்ததும் தம்பிக்குத்தான் முதலில் படித்துக் காட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பியபடி கேட்டான். முடிந்ததும், "அப்பாவா?" என்று மட்டும் கேட்டான். நான் ஆமாம் என்றேன்.

அப்பாவின் நோய்க்காலத்தில் இரவு பகல் பாராமல் ஆட்டோ ஓட்டிய பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், ரத்தம் கொடுத்த தெருப் பிள்ளைகளுக்கும், எங்களுக்குச் சோறு அனுப்பிய எல்லா வீடுகளுக்கும், இறுதிச் சடங்குச் செலவில் பங்கெடுத்த பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியோடு இருக்கும். ஏழுமலை மாமாவுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை போதாது. முழங்கால் வலியால் அவர் இப்போது கடலுக்குப் போவதில்லை. ஆனாலும் தினமும் விடியலில் எங்கள் வாசலுக்கு வருகிறார். "மாப்ள, டீ குடிக்க வர்றியா?" என்று கேட்கிறார். இன்றுவரை பதில் இல்லை. சரி, நாளிக்கு வர்றேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

உங்களிடம் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். எங்கள் தெரு வழியாகப் போனால், தம்பிக்கு அறிவுரை சொல்ல உள்ளே வர வேண்டாம். அப்பாவை உதாரணம் காட்ட வேண்டாம். வாசலில் நின்று அவன் பெயரைச் சொல்லி, வருகிறாயா என்று ஒருமுறை கேளுங்கள். பதில் வராவிட்டால் வருத்தப்படாமல் போய்விடுங்கள். நாளைக்கும் வாருங்கள்.